அழைத்தும் வீட்டுக்கு வராத ஆலோசகர்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 43 வயது. கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பக்கவாதத்தால் பேச்சை இழந்த என் அம்மாவை மூன்று ஆண்டுகள் என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தில் கரண்டியால் தட்டுவார். அவர் போய் ஓராண்டு ஆகிவிட்டது. இப்போதும் விடியற்காலை மூன்று மணிக்கு அந்தச் சத்தம் கேட்டதுபோல் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். பிறகு தூக்கம் வருவதில்லை.

கணவர் வற்புறுத்தியதால் ஒரு மனநல ஆலோசகரிடம் போகத் தொடங்கினேன். வாரம் ஒருமுறை, 50 நிமிடம், 700 ரூபாய். ஏழு முறை போயிருக்கிறேன். "நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள்" என்று கேட்டால், "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று என்னிடமே திருப்பிக் கேட்கிறார். அது எனக்குத் தெரிந்தால் அவரிடம் ஏன் போகிறேன்?

இருந்தாலும் அவர்மீது ஒரு பாசம் வந்துவிட்டது. அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். சென்ற மாதம் அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்குச் சாப்பிட வரும்படி அழைத்தேன். "நீங்கள் அழைத்தது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் நான் வர முடியாது" என்று சொல்லிவிட்டார். என் முகம் சுண்டிப்போய்விட்டது. நினைவு நாளன்று உறவினர்கள் பந்தியில் உட்கார்ந்து, "உன்னைப் போல் ஒரு மகள் யாருக்கு வாய்ப்பாள்" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அம்மா இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, ஓர் இரவு அவர் தட்டியது கேட்டது. கேட்காததுபோல் படுத்திருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, அந்த அக்காவிடமும்.

இரண்டு வாரமாக நான் போகவில்லை. பணம் கொடுத்தால் மட்டும் காது கொடுப்பவரிடம் மனதைக் கொட்டி என்ன பயன்? தொடர்ந்து போகலாமா, நிறுத்திவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நேராகவே சொல்கிறேன். இன்னும் ஒருமுறையாவது போங்கள். போய், எனக்கு எழுதிய இந்தக் கோபத்தை அவரிடமே சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆலோசகர் சாப்பிட வரவில்லை. அந்த ஓர் இரவைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. அவர் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் சித்தி, பெரியம்மாவோடு அதே பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருப்பார். உங்களைப் புகழ்ந்த பேச்சையெல்லாம் கேட்டுத் தலையாட்டியிருப்பார். அதற்கு அடுத்த வாரம் அவர் எதிரே உட்கார்ந்து, "கேட்டும் நான் எழுந்து போகவில்லை" என்று உங்களால் சொல்ல முடிந்திருக்குமா? உறவுக்காரர் நல்லவராகவே இருந்தாலும் அவரிடம் சில சொற்கள் வாய்வரை வந்து திரும்பிவிடும், ஏனென்றால் நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். உங்கள் வாழ்க்கையின் எந்தப் பந்தியிலும் இல்லாத ஒருவர் உங்களுக்கு வேண்டும். அதற்காகவே அவர் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார். 700 ரூபாய் அவருடைய நேரத்துக்கும் படிப்புக்கும் உரிய கூலி. அந்த 50 நிமிடத்தில் அவருக்கு வரும் அக்கறையைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

ஆனால் ஒரு குறையை மறைக்க மாட்டேன். ஏன் வர முடியாது என்பதை அவர் உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். "முடியாது" என்ற சொல்லோடு உங்களை வீட்டுக்கு அனுப்பியது சரியில்லை. திருப்பிக் கேட்கும் வழக்கத்தையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இல் எழுதினார்: ஆலோசனை உறவு நிற்பதற்கு இருவருக்குமிடையே பிணைப்பு வேண்டும், எதற்காகக் கூடுகிறோம் என்பதில் உடன்பாடு வேண்டும், எப்படிச் செய்யப்போகிறோம் என்பதிலும் உடன்பாடு வேண்டும். உங்களுக்குப் பிணைப்பு இருக்கிறது. அது இல்லாவிட்டால் இந்தக் கோபமே வந்திருக்காது. மூன்றாவதுதான் பேசப்படாமல் கிடக்கிறது.

அவர் திருப்பிக் கேட்பதற்குப் பின்னால் கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் வழி இருக்கலாம். ராச்செஸ்டர் நகரில் அவர் 12 ஆண்டுகள் குழந்தைகளுக்கான நிலையத்தில் வேலை பார்த்தார். அடங்காத ஒரு சிறுவனின் தாய் அவரிடம் வந்துகொண்டிருந்தார். மகனைத் தாய் மனதால் ஒதுக்கியதுதான் காரணம் என்று ரோஜர்ஸுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எத்தனையோ முறை எடுத்துச் சொல்லிப் பார்த்தார். தாய்க்கு அது உறைக்கவே இல்லை. கடைசியில், நாம் முயன்றுவிட்டோம், இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். தாயும் ஒத்துக்கொண்டு, கைகுலுக்கிவிட்டுக் கதவுவரை போனார். அங்கே திரும்பி நின்று, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை தருவீர்களா என்று கேட்டார். மறுபடி வந்து உட்கார்ந்து தன் மணவாழ்க்கையின் துயரத்தைக் கொட்டினார். அதுவரை பேசியது வேறு, அன்று பேசியது வேறு. எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்பதை ரோஜர்ஸ் அன்று கற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறார். நீங்களும் இப்போது அந்தக் கதவருகேதான் நிற்கிறீர்கள்.

மனம் மாறுவதற்குத் தேவையானவை என்று ரோஜர்ஸ் 1957-இல் ஆறு நிலைகளை எழுதினார். ஆலோசகர் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாதிருப்பது, வந்தவரை எந்த நிபந்தனையும் இல்லாமல் மதிப்பது, அவர் நிற்கும் இடத்திலிருந்தே அவர் துயரத்தை உணர்வது ஆகிய மூன்றும் பரவலாகத் தெரிந்தவை. எனக்கு முக்கியமாகப் படுவது ஆறாவது. அந்த மதிப்பும் உணர்வும் வந்தவருக்குக் கொஞ்சமாவது போய்ச் சேர வேண்டும். ஆலோசகரின் நெஞ்சில் மலையளவு இருந்தாலும், உங்களுக்கு எட்டாவிட்டால் வேலை நடக்காது. எட்டவில்லை என்று நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

"நீங்கள் வராதது என்னைக் காயப்படுத்தியது" என்று சொல்லுங்கள். அவர் அதை நிதானமாகக் கேட்டு, தன் பங்கை ஏற்றுக்கொண்டால், அவரை நம்பலாம். முகம் மாறி, உங்கள்மீதே பழி போட்டால், தயங்காமல் வேறு ஆலோசகரைத் தேடுங்கள். செய்ய வேண்டியதை வரையறுத்து, வீட்டில் பயிற்சி கொடுக்கும் முறைகளும் இருக்கின்றன. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் இப்போதைய ஆலோசகரிடமே கேளுங்கள்.

தூக்கமின்மைக்கு ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். வாழ்வே வேண்டாம் என்று எப்போதாவது தோன்றினால், அடுத்த சந்திப்புவரை பொறுக்காமல், எந்த நேரமானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது.

அந்த இரவைப் பற்றி நான் தீர்ப்பு எதுவும் சொல்லப்போவதில்லை. மூன்று ஆண்டுகள் இரவெல்லாம் விழித்த ஓர் உடம்பு அன்று படுத்திருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது. மீதியை அந்த ஆலோசகரிடம் சொல்லுங்கள். வாயால் வராவிட்டால் இந்தக் கடிதத்தின் படியை எடுத்துப் போய்ப் படித்துக் காட்டுங்கள், அல்லது கையில் கொடுத்துவிட்டு அவர் படித்து முடிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்