முன்வரிசையில் வந்து உட்காரச் சொல்கிறார்கள்

கேள்வி: எனக்கு வயது 26. மாளிகாவத்தையைச் சேர்ந்த முஸ்லிம் பெண். அடுத்த பாராளுமன்றத் தேர்தலுக்கு இப்போதே தயாராகும் ஓர் அரசியல்வாதியின் மீடியா டீமில் வேலை செய்கிறேன். சிங்களத்தில் வருவதைத் தமிழாக்குவதும் பேஸ்புக் பக்கத்தைப் பார்ப்பதும் என் பொறுப்பு. வேலைக்குச் சல்வாரும் ஷோலும்தான் போடுவேன். மாளிகாவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் கூட்டம் என்றால் மட்டும், "கட்டாயம் ஹபாயாவோடு வாங்க, முன்வரிசையில் இருங்க" என்கிறார்கள். சிங்களவர் அதிகமுள்ள ஹோமாகமவில் கூட்டம் என்றால் "நீங்க ஒபிஸில் இருங்க" என்கிறார்கள். தேர்தல் நேரத்தில் ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் நோட்டீஸ் கொடுக்க வாப்பா மூலம் ஏற்பாடு செய்யவும் கேட்கிறார்கள். வாப்பாவோ, "அரசியலில் இதெல்லாம் சகஜம், சம்பளம் வருகிறதுதானே" என்கிறார். வேலையை விடுவதா, இருப்பதா? இரண்டு மொழி நோட்டீஸையும் அனுப்பியிருக்கிறேன்.
- பெயர் வேண்டாம், கொழும்பு 10

பதில்: தங்கச்சி, முதலில் பள்ளிவாசல் விஷயத்தை முடித்துவிடுவோம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை, முடியாது என்று சொல்லிவிடுங்கள். தேர்தல் காலத்தில் மத ஒன்றுகூடலில் வாக்குக்காகப் பேசுவதும், அங்கே துண்டுப்பிரசுரம் கொடுப்பதும், வழிபாட்டுத் தலத்தில் பிரசாரக் கூட்டம் வைப்பதும் 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டப்படி குற்றம். பன்சலை (பௌத்த விகாரை), கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்தான். உங்கள் அரசியல்வாதி சேருக்குச் சட்டத்தரணி இருப்பார். வாப்பாவுக்கு யார் இருக்கிறார்?

இனி நோட்டீஸ்களுக்கு வருவோம். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சேரின் படம் இரண்டிலும் ஒன்றுதான். சிங்கள நோட்டீஸில் கூப்பிய கை முழுதாகத் தெரிகிறது, மணிக்கட்டில் பிரித் நூல், அதாவது பௌத்த பிக்குமார் ஓதிக் கட்டும் காப்பு நூல். தமிழ் நோட்டீஸில் அதே படத்தை நூலுக்குச் சற்று மேலே வெட்டி, பக்கத்தில் உங்களை நிறுத்தி, பின்னால் புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலைப் போட்டிருக்கிறார்கள். "சகல மதத்தவருக்கும் சம உரிமை" என்ற வரி தமிழில் மட்டும் இருக்கிறது. சிங்களத்தில் அந்த இடத்தில் வீதி அபிவிருத்தி.

பிரித் நூல் கட்டிய மனிதருக்கு மாளிகாவத்தையில் யாரும் வாக்குப் போடாமல் விடப்போவதில்லை. அதை மறைக்க வேண்டும் என்று நினைத்தார்களே, அதுதான் எனக்கு எரிச்சல். நம்மைப் பற்றி அவர்களுடைய கணிப்பு அவ்வளவுதான்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பது புரியாததல்ல. கொழும்பு மாவட்டம் முழுவதும் ஒரே தேர்தல் மாவட்டம். 2024இல் அதற்கு 18 ஆசனங்கள். கட்சிக்கு வாக்குப் போட்ட பிறகு அதன் வேட்பாளர்களில் மூன்று பேருக்கு மனாபே (விருப்பு வாக்கு) போடலாம் என்பதால், ஒரே கட்சிக்காரர்களே ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்கிறார்கள். கொட்டாஞ்சேனை மனாபேயும் வேண்டும், ஹோமாகம மனாபேயும் வேண்டும். ஆகவே இங்கே ஒரு முகம், அங்கே ஒரு முகம். தமிழ் நோட்டீஸை அங்கேயும் சிங்கள நோட்டீஸை இங்கேயும் யாரும் வாசிக்க மாட்டார்கள் என்ற தைரியம் வேறு.

அரசியல்வாதி கோயிலுக்கும் பள்ளிக்கும் வருவதையே நான் குறை சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் எல்லா மதத்தவரும்தான் போகிறார்கள், அவரும் போகட்டும். விபூதி பூசினாலும் சரி, தொப்பி போட்டாலும் சரி. ஆனால் முன்வரிசையில் நம் முகம் இருந்தால் நமக்குப் பாதுகாப்பு என்று நினைத்தால் 2020ஐ நினைத்துப் பாருங்கள். கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை (உடல்களை) அடக்க விடாமல் அரசாங்கம் எரித்த காலத்தில் நீதி அமைச்சராக இருந்தவர் அலி சப்ரி. அந்த ஆண்டு ஒக்டோபரில் எதிர்க்கட்சி முஸ்லிம் எம்.பி.க்கள் சிலர், ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்ட அரசாங்கம் கொண்டுவந்த அரசியலமைப்பின் 20ஆவது திருத்தத்துக்கு ஆதரவாகவே வாக்களித்தார்கள். எரிப்பு நிற்கவில்லை. பொரளை மயான வேலியில் சனங்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டினார்கள். அடக்கம் செய்ய அனுமதி வந்தது 2021 பெப்ரவரியில், அதுவும் தொலைவில், கிழக்கில் ஓட்டமாவடியில். அமைச்சரவை மன்னிப்புக் கேட்க 2024 ஜூலை ஆனது. முகங்கள் இருந்தன தங்கச்சி, சிங்கள மேடையில் அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அதனால் வேலையை விடுவதா என்று கேட்பதற்கு முன் சேரிடம் ஒன்று கேளுங்கள். தமிழில் போட்ட அந்தச் சம உரிமை வரி சிங்கள நோட்டீஸிலும் வருமா? ஹோமாகம மேடையில் அதை ஒருமுறை வாயால் சொல்வாரா? வேறெதுவும் கேட்க வேண்டாம். சொன்னால் நீங்கள் தாராளமாக இருங்கள், ஹோமாகமவுக்கும் போங்கள். "பிறகு பார்ப்போம்" என்றால், வராது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வராவிட்டாலும் உடனே இராஜினாமாக் கடிதம் எழுத வேண்டியதில்லை. சம்பளம் வேண்டும் என்பதில் வாப்பா சரி. மொழிபெயர்ப்பு உங்கள் வேலை, அதைச் செய்யுங்கள். படத்துக்கு நிற்பது உங்கள் வேலை இல்லை. ஹபாயா உங்கள் விருப்பம். கூட்டத்துக்காக இன்னொருவர் போடச் சொன்னால் அது வேஷம். அமைதியாக வேறு வேலையும் தேடி வையுங்கள்.

நோட்டீஸில் இருக்கும் உங்கள் படங்களை மட்டும் இப்போதே நீக்கச் சொல்லுங்கள். நாளை ஹோமாகமவில் யாரோ ஏதோ பேசுவார்கள், அதை ஒருவர் போனில் பிடிப்பார், இரவு சாப்பாட்டுக்கு முன் அது மாளிகாவத்தை வட்ஸ்அப் குரூப்புகளில் இருக்கும். அப்போது சேரின் வீட்டுக் கதவை யாரும் தட்டமாட்டார்கள், உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். வேட்புமனு நாள் நெருங்கி போஸ்டர் அச்சுக்குப் போய்விட்டால் உங்கள் பேச்சைக் கேட்க அங்கே ஒருவருக்கும் நேரமிருக்காது.

நேரில் பேசுங்கள், பேசியதை அன்றே ஈமெயிலில் அனுப்புங்கள். அதைச் சிங்களத்திலேயே எழுதுங்கள். அந்த டீமில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.