அப்பா குடிக்கும் நெய் மூளைக்குப் போகிறதா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். மூளையே கொழுப்புதான், கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டால் மறதி வரும் என்று யாரோ சொல்ல, ஸ்டாட்டினை நிறுத்திவிட்டுத் தினமும் காலையில் இரண்டு கரண்டி நெய் குடிக்கிறார். இது சரியா டாக்டர்?

பதில்: சரியில்லை. ஸ்டென்ட் வைத்தவர் அந்த மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து. நாளைக்கே அவருடைய இதய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அவர் கேள்விப்பட்டதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மூளையில் பாதிக்கு மேல் கொழுப்புதான், உடம்பில் இருக்கும் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அது சாப்பாட்டிலிருந்து போனதில்லை. மூளைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரில் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டியிருக்கும், ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் எல்டிஎல் அந்தத் தடுப்பைத் தாண்டி உள்ளே போவதில்லை என்றே சொல்லலாம், அதனால் மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அப்பா குடிக்கும் நெய் எல்டிஎல்லைத்தான் ஏற்றும்; அது படிவது இதயத்துக்கும் மூளைக்கும் போகிற ரத்தக்குழாய்களில். எனக்குக் கவலை அதுதான்.

வெளியிலிருந்து மூளை கேட்டு வாங்கும் கொழுப்பு ஒன்று உண்டு: மீனில் இருக்கும் டிஎச்ஏ என்கிற ஒமேகா-3. அதை உள்ளே ஏற்றிவிடவே அந்த ரத்தக்குழாய்ச் சுவரில் எம்எஃப்எஸ்டி2ஏ என்ற புரதம் இருக்கிறது, அதன் இந்த வேலையை 2014இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். டிஎச்ஏ தனியாக வந்தால் அது ஏற்றுக்கொள்ளாது, லைசோலெசித்தின் என்ற பொருளோடு சேர்ந்து வர வேண்டும்; கல்லீரல் அப்படிச் சேர்த்து அனுப்புகிறது. இந்தப் புரதத்தில் பிறவிக் கோளாறு உள்ள குழந்தைகளுக்குத் தலையே சிறியதாக இருப்பதை 2015இல் பார்த்தார்கள், அவ்வளவு முக்கியமான வழி அது. அதனால் வாரத்தில் இரண்டு நாள் மத்தி, அயிலை, நெத்திலி மாதிரி மீனைக் குழம்பாக வைத்துக் கொடுங்கள், பொரிக்க வேண்டாம். சைவம் என்றால் ஆளிவிதை சேர்க்கலாம், ஆனால் அதிலிருந்து உடம்பு தயாரிக்கும் டிஎச்ஏ ரொம்பக் குறைவு. கடல்பாசியிலிருந்து எடுக்கும் டிஎச்ஏ மாத்திரை கிடைக்கிறது, அதையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம் அந்த மறதி பயம். ஸ்டாட்டின் எடுக்கும் சிலர் மறதி என்று சொல்வது உண்டு, அரிதாகத்தான். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்பாவுக்கு உண்மையிலேயே அப்படி இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், வேறு ஸ்டாட்டின் மாற்றித் தருவார்.