ஃபங்ஷன் சரிதான், முத்திரைதான் இல்லை

டர்பன் கோவிலுக்குக் காவடி நாட்காட்டி ஆப் செய்கிறீர்கள், ஜாவாஸ்கிரிப்டில் இணைத்தால் ஓடும் ஃபங்ஷன், எச்டிஎம்எல்லில் கன்ட்ரோலின் அமைப்புகளை எழுதும் டேட்டா-வின்-ஆப்ஷன்ஸில் அதன் பெயரைக் கொடுத்தால் மட்டும் எர்ரர் தருகிறது, அதுதானே கேள்வி? விண்டோஸ் ஆப்களுக்கான மைக்ரோசாஃப்ட்டின் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான வின்ஜேஎஸ் அதை வேண்டுமென்றே தடுக்கிறது. மார்க்அப்பில், அதாவது எச்டிஎம்எல்லில், இருப்பது வெறும் எழுத்து, அதில் வரும் எந்தப் பெயரையும் ஓட்டலாம் என்று விட்டால், வெளியிலிருந்து வந்த எச்டிஎம்எல் எந்த எழுத்தையும் கோடாக ஓட்டிவிடும் ஈவலைக்கூடக் கூப்பிட்டுவிடும். ஃபங்ஷனில் சப்போர்ட்டட்ஃபார்ப்ராசஸிங் ப்ராப்பர்ட்டி ட்ரூ என்றிருந்தால்தான் உள்ளே அனுமதி, அதுதான் முத்திரை.

வின்ஜேஎஸ்.யூட்டிலிட்டீஸ்.மார்க்சப்போர்ட்டட்ஃபார்ப்ராசஸிங்குக்கு உங்கள் ஃபங்ஷனைக் கொடுங்கள், அதே ஃபங்ஷன் முத்திரையோடு திரும்பி வரும். பட்டனைத் தொடும்போது ஓடுவது போன்றவற்றுக்கு வின்ஜேஎஸ்.யூஐ.ஈவென்ட்ஹேண்ட்லர் போதும், உள்ளே நடப்பது அதேதான்.

அப்புறம் ஒன்று, முத்திரை குத்துவதால் யாரும் உங்கள் கோடைச் சோதித்துப் பார்ப்பதில்லை. நானும் இங்கே ஒரு ஆப்பில் சோம்பலில் எல்லா ஃபங்ஷனுக்கும் குத்திவைத்தேன், சுத்த மடத்தனம். மார்க்அப்பில் பெயர் வருகிறவற்றுக்கு மட்டும் போடுங்கள்.