நாட்காட்டித் தாளின் பின்பக்கம்: கவிதைக்குத் திரும்புகிறவர்களுக்குக் கேள்வி பதில்

கல்லூரியில் பக்கம் பக்கமாக எழுதினேன் அக்கா. வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. இப்போது உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

நானும் பதினான்கு வருடம் எழுதாமல் இருந்தவள்தான். திரும்பி வந்தபோது புது நோட்டு வாங்கியது பெரிய தப்பு. அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தாலே கை நின்றுவிடும். அப்புறம் ஒருநாள் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். உள்ளங்கை அளவுத் தாள், மூன்று நான்கு வரிக்கு மேல் இடமில்லை. அதுவே போதுமாக இருந்தது. காலையில் தாளைக் கிழிக்கும்போதே எந்தச் சொல்லைப் பற்றி எழுதப்போகிறீர்களோ அதை மேலே எழுதிவிடுங்கள். நேரம் கிடைக்கும்போது அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.

தினம் ஒரு புதுத் தலைப்பு வேண்டுமா?

வேண்டாம் என்பேன். தினமும் சொல் மாறினால் தினமும் மேலோட்டமாகவே எழுதுவோம். சங்க நூலான ஐங்குறுநூற்றைப் பாருங்கள். மூன்று முதல் ஆறு அடிக்குள் ஐந்நூறு பாட்டு, பத்துப் பத்தாக அடுக்கியிருப்பார்கள். எருமைப் பத்தில் பத்துப் பாட்டிலும் எருமை வரும், களவன் பத்து முழுக்க நண்டு. சின்ன வடிவம், கொடுத்த ஒரு சொல், பத்து முறை. இந்தப் பயிற்சியை நம் ஆட்கள் எப்போதோ செய்து காட்டிவிட்டார்கள்.

நான் "குடை" என்ற சொல்லில் பத்து நாள் எழுதினேன். முதல் மூன்று நாளும் மழை, காதல், தாத்தா. எல்லோரும் எழுதுவதுதான். நான்காம் நாள் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் குடையை எடுத்து விரித்துப் பார்த்தேன். ஒரு கம்பி முனையில் துணி விட்டுப்போய், அம்மா கறுப்புக்குப் பதில் நீல நூலால் தைத்திருந்தார். அத்தனை வருடம் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தும் கண்ணில் படவில்லை. அன்றைக்குத்தான் உருப்படியாக ஒன்று வந்தது.

சொல் தேர்ந்தெடுக்கும்போது கையில் எடுக்க முடிகிற பொருளாகப் பாருங்கள். "வாழ்க்கை", "நம்பிக்கை" எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

அப்பா தவறி இரண்டு மாதம் ஆகிறது. அவர் செருப்பை இன்னும் வாசலிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. இது ஹைக்கூ ஆகுமா? "தனிமையின் வலியில் / தவிக்கும் இதயம் / உதிரும் இலை"

உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறேன் அம்மா. தனிமை, வலி, தவிப்பு, மூன்றும் உண்மைதான். ஆனால் படிக்கிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கவிதை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது:

வாசல் பெருக்கி முடித்ததும்
மறுபடி அதே இடத்தில்
அப்பாவின் செருப்பு

சொற்கள் பெரும்பாலும் நீங்கள் சொன்னவை. பெருக்குவது மட்டும் நான் சேர்த்தது. நீங்கள் நிஜமாகச் செய்வது வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வலி என்ற சொல் இல்லாமலே அது வந்துவிடும்.

ஹைக்கூவுக்கு 5-7-5 கட்டாயமா? சென்ரியு, லிமரைக்கூ என்றெல்லாம் சொல்கிறார்களே?

மூன்று அடிக்கும் முறையே 5, 7, 5 அசை என்ற அந்தக் கணக்கு ஜப்பானிய ஒலியசைக்கு உரியது. தமிழில் பெரும்பாலோர் மூன்று அடியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பாரதியார் 1916-லேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியபோது வியந்தது அதன் சுருக்கத்தை. எண்ணிக்கையை விடுங்கள், சுருக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சென்ரியுவும் ஹைக்கூ போன்ற குறுங்கவிதைதான், மனிதர்களின் நடப்பைச் சொல்லும். லிமரைக்கூவில் முதலடியும் மூன்றாமடியும் ஒரே ஓசையில் முடியும். கவிஞர் ஈரோடு தமிழன்பன் தமிழில் கொண்டுவந்தது.

எனக்கு மரபுக் கவிதையில்தான் ஆசை. "கதவைத் திறக்கும் மழை" என்று ஈற்றடி, அதாவது கடைசி அடி, கொடுத்தார்கள். "பூட்டிய வீட்டில் புழுங்கிய மனதின்" என்று முதலடி எழுதினேன். தளை தட்டுகிறது என்கிறார்கள், எங்கே என்று புரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஈற்றடி கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்வது நம் பழைய வழக்கம். குறள் வெண்பாவுக்கு ஏழே சீர். ஓய்ந்த கைக்கு அளவான வேலை.

ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் பொருந்துவதுதான் தளை. அசை பிரித்துப் பாருங்கள். ஒற்றை விட்டு எண்ணினால், தனி எழுத்து நேர், குறிலில் தொடங்கும் இரண்டெழுத்து நிரை. நேரில் முடியும் ஈரசைச் சீர் மா, நிரையில் முடிவது விளம். பூட்/டிய கூவிளம், அடுத்தது வீட்/டில், நேரில் தொடங்குகிறது. விளம் முன் நேர், சரி. வீட்டில் தேமா, அடுத்தது புழுங், நிரை. மா முன் நிரை, அதுவும் சரி. புழுங்/கிய கருவிளம். அதற்குப் பின் நேர் வர வேண்டும், "மன" நிரை. இங்கேதான் தட்டுகிறது.

இரண்டு வழி உண்டு. "புழுங்கிய நெஞ்சின்" என்று மாற்றலாம். அல்லது மனதை வைத்துக்கொண்டு "புழுங்கும்" என்று ஆக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. உங்கள் சொல் உங்களிடமே இருக்கும், புழுக்கமும் இன்னும் தீராததாகத் தெரியும்:

பூட்டிய வீட்டில் புழுங்கும் மனத்தின்
கதவைத் திறக்கும் மழை

"மனதின்" என்பதை "மனத்தின்" ஆக்கியிருக்கிறேன். இலக்கணப்படி அதுதான் சரி, அசையும் மாறாது. மழை ஒற்றை நிரையசை, வெண்பா முடிவுக்கு உரிய "மலர்" வாய்பாட்டில் முடிகிறது. பூட்டிய–வீட்டில் எதுகை, பூ–பு மோனை, இரண்டும் தானாகவே அமைந்திருக்கின்றன. உங்கள் காது நன்றாக இருக்கிறது. விட்டுவிடாதீர்கள்.

நடுவில் நாலு நாள் விட்டுப்போனால்?

நாலையும் சேர்த்து எழுத உட்காராதீர்கள். இன்றைய தாளில் இன்றைக்கு உரியதை எழுதுங்கள், போதும்.

இன்றைக்கே தொடங்குகிறேன். ஒரு சொல் கொடுங்கள்.

தாழ்ப்பாள். எழுதுவதற்கு முன் உங்கள் வீட்டுத் தாழ்ப்பாளை ஒரு தடவை போட்டுத் திறந்து பாருங்கள். எந்த இடத்தில் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரிகிறது, அது யார் விரல் படும் உயரம் என்று கவனியுங்கள். பத்து நாள் கழித்துப் பத்துத் தாளையும் எனக்கு அனுப்புங்கள்.