ஏற்காட்டில் சாண்டோரினித் திராட்சை வருமா?

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் காபித் தோட்டத்தை ஒட்டி அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது. கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி, கிரீஸ் நாட்டுச் சாண்டோரினித் தீவில் 'அஸிர்டிகோ' என்ற திராட்சையில் வடிக்கும் வெள்ளை ஒயினைப் பற்றியே பேசுகிறான். எவ்வளவு வெயிலிலும் அந்தப் பழம் புளிப்பை விடாதாம். அடுத்த முறை குச்சி கொண்டுவரட்டுமா என்கிறான். நம்ம மலையில் வருமா ஐயா?

பதில்: கொடி வரும், பழம் தேறாது.

புளிப்பு விஷயத்தில் தம்பி சொன்னது சரி. பெரும்பாலான ரகங்களில் வெயில் ஏற ஏறப் புளிப்பு இறங்கி ஒயின் சப்பென்று ஆகிவிடும், அஸிர்டிகோ தாக்குப்பிடிக்கும். ஆனால் அங்கே ஆண்டு மழையே 400 மில்லிமீட்டருக்குக் கீழேதான். அதுவும் கொடி இலையுதிர்த்துத் தூங்கும் குளிர்காலத்தில் பெய்துவிடும். காய் பிடித்ததிலிருந்து ஆகஸ்ட் அறுவடை வரை வானம் வறண்டே கிடக்கும். காற்றுதான் தொல்லை. அதனால் பந்தல் போடாமல் கொடியைத் தரையோடு கூடையாக முடைந்து, குலைகளை உள்ளே வைத்துக் காக்கிறார்கள்.

ஏற்காட்டில் அப்படி முடைந்தால் கூடைக்குள்ளேயே குலை அழுகும். சுமார் 1,500 மீட்டர் உயரம், ஏறக்குறைய 1,500 மில்லிமீட்டர் மழை. ஒயின் என்றாலே குளிர்மலை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் காபிக்குப் பிடித்த அந்த ஈரப்பனிதான் திராட்சைக்கு எமன். வெயில் ஏறிய பிறகும் இலை நனைந்தே இருந்தால் அடிச்சாம்பல் நோய்க்கு அது போதும். இலையின் மேலே எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் திட்டு தெரியும், புரட்டினால் வெள்ளைப் பூசணம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த ஒரு சதப் போர்டோ கலவை அடிப்பீர்கள், மறுநாள் மழை கழுவிவிடும்.

ஜனவரியில் கவாத்து செய்து வறண்ட மாதங்களைப் பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். சமவெளியில் அது நடக்கும், ஏப்ரல்-மே மாதங்களில் பழம் வெட்டிவிடலாம். மலைக் குளிரில் பழுப்பது இன்னும் தள்ளிப்போகும். சர்க்கரை ஏறும் நேரத்தில் கோடை இடிமழை வந்தால் பழம் வெடித்துவிடும்.

பெட்டியில் குச்சி கொண்டுவரும் யோசனையை இப்போதே விடுங்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது. ஒரு குச்சியோடு வரும் நோய் ஊரையே கெடுக்கும். அப்புறம், உரிமம் இல்லாமல் ஒயின் வடிப்பதும் குற்றம். 1937இல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததே நம்ம சேலம் மாவட்டத்தில்தான்!

அந்த அரை ஏக்கரில் சில்வர் ஓக் நட்டு மிளகு ஏற்றுங்கள். திராட்சை ஆசை விடவில்லை, கீழே சமவெளியில் வடிகால் உள்ள நிலமும் இருக்கிறது என்றால், டாக்ரிட்ஜ் என்ற திராட்சை ரகத்தின் வேர்ச்செடியில் ஒட்டிய நம்ம பழைய பச்சை திராட்சையைச் சாப்பாட்டுப் பழமாக ஜூன்-ஜூலையில் நடலாம். 4க்கு 3 மீட்டர் இடைவெளி, ஒரு மீட்டர் ஆழக் குழி. அதற்கு முன் மண்ணைப் பரிசோதித்து, முடிவோடு ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் ஒருமுறை பேசிவிடுங்கள்.