செட்டுக்கு 430 பொருளா?

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறான். 'செட்' என்ற சொல்லுக்கு மட்டும் 430 பொருள் இருக்கிறதாம். அதில் ஐம்பதை மனப்பாடம் செய்துவரச் சொல்லித் தாள் கொடுத்திருக்கிறார்கள். "மூன்றெழுத்துச் சொல்லுக்கே இவ்வளவு, தமிழில் இப்படி ஒன்று காட்டு பார்ப்போம்" என்றும் அங்கே கேட்டார்களாம். பையன் என்னிடம் வந்து கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தமிழ் அவ்வளவு வறண்ட மொழியா?
- வாசகி, கரூர்

பதில்: முதலில் அந்தத் தாளை வாங்கி மடித்து வையுங்கள் அம்மா. ஐம்பது பொருளை வரிசையாக ஒப்பித்து எந்தக் குழந்தைக்கும் ஆங்கிலம் வந்ததில்லை.

430 என்ற எண் பொய்யில்லை. 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்'தான். அதற்குப் பிறகு 'ரன்' முந்திவிட்டது. அந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் பிரித்திருக்கிறார்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கிறார். வழக்கொழிந்த பொருள், அப், ஆஃப், பேக் என்று ஒட்டுச் சேர்ந்து வரும் பொருள் எல்லாம் இந்தக் கணக்கில் அடக்கம்.

உங்கள் பையனுக்கு இவ்வளவும் வேண்டாம். 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்கார வை. நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படிக்கிறானே, அதேதான். இரு - இருத்து போல. இந்த ஒரு சாவி போதும், பாதிக் கதவு திறந்துவிடும். சாப்பாட்டு மேசையில் தட்டை அதனதன் இடத்தில் வைத்தால் செட். விலகிய எலும்பைப் பழைய இடத்தில் உட்கார வைத்தால் செட். மோதிரத்தில் கல்லைப் பதித்தால் செட். கடிகாரத்தில் அலாரம் வைத்தால் செட். கூழாக இருந்த ஜெல்லி அசையாமல் இறுகினாலும் செட். சூரியன் மறைவதும் செட்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு இருந்த சொல்லுக்கே 'இருக்கைக்குப் போதல்' என்றுதான் பொருள்.

மீதிப் பாதி வேறொரு குடும்பம். கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் 'செட்' பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனின் 'செக்டா'விலிருந்து வந்தது. ஒருவரைப் பின்பற்றிப் போகும் கூட்டம் என்று அதற்கு அர்த்தம். கணக்குப் புத்தகத்தில் நாம் 'கணம்' என்கிறோமே, அது இந்தச் செட்தான். டென்னிஸில் ஆறு கேம் எடுத்து முடிக்கும் செட், விமானத்திலேயே திரியும் பணக்காரக் கூட்டமான 'ஜெட் செட்' எல்லாம் இந்தக் கிளை. பிறப்பில் இரண்டு சொல், எழுத்தில் ஒன்றாகிவிட்டன. இதைச் சொல்லிக் கொடுக்காமல் எண்ணிக்கையைக் காட்டிப் பிள்ளையைப் பயமுறுத்துவது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

கொச்சை வழக்குக்கு வாருங்கள். "இந்த கார் என்னை இவ்வளவு செட் பேக் பண்ணியது" என்று ஆங்கிலேயர் சொன்னால் அவ்வளவு செலவு வைத்துவிட்டது என்று பொருள். செய்யாத குற்றத்தில் ஒருவரை மாட்டிவிட்டால் 'செட் அப்'. அமெரிக்காவில் ஓட்டல் பணியாளர் வந்து "ஆல் செட்?" என்று கேட்பார். முடிந்ததா, பில் கொண்டுவரட்டுமா என்று பொருள். இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா என்று கேட்கும்போது "ஐ'ம் ஆல் செட்" என்றால் போதும், வேண்டாம் என்று பொருள். அந்த மேசையில் உட்கார்ந்து இரண்டு முறை கேட்டால் வந்துவிடும். தாளில் படித்தால் வராது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். போன வருடம் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் பூச்சு வேலை நடந்தது. நான் காலை வைக்கப் போனேன். கொத்தனார் கட்டைவிரலால் ஓரத்தை அழுத்திக் காட்டி, "இன்னும் செட்டாகல சார், கால் வெக்காதீங்க" என்றார். சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட் 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, 10 மணி நேரத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. அந்தத் தர அளவை அவர் படித்திருக்கமாட்டார். விரலுக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலம் டீ குடிக்கும்போது, முன்பு வேலை பார்த்த இடத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "அந்த மேஸ்திரிக்கும் எனக்கும் செட்டாகல சார்" என்றார். "எங்க செட்டுல நாலு பேருமே அப்பவே கிளம்பிட்டோம்."

இந்த மூன்று செட்டையும் நிதானமாகப் பாருங்கள். முதலாவது உட்கார வைக்கும் குடும்பம், மூன்றாவது லத்தீன் கூட்டம். நடுவில் வந்த "அவருக்கும் எனக்கும் செட்டாகல" இருக்கிறதே, அது நாம் ஆக்கிக்கொண்டது. அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் லண்டன்காரருக்குப் புரியாது. பம்ப் செட், பல் செட், செட் தோசை, 'எல்லாம் செட்டப்புப்பா' என்னும்போது வரும் ஜோடனை, காதலர் விஷயத்தில் 'செட் ஆயிடுச்சு', சினிமாக்காரர்கள் போடும் செட்: ஒரு சொல்லை வாங்கி நம் மக்கள் எவ்வளவு வேலை வாங்கியிருக்கிறார்கள்!

தமிழில் இப்படி ஒன்று காட்டு என்றார்களே, 'போடு' என்ற சொல்லைப் பையனிடம் கொடுத்தனுப்புங்கள். சட்டை போடு, சோறு போடு, கணக்குப் போடு, கையெழுத்துப் போடு, ஃபேன் போடு, ஊசி போடு, கோலம் போடு, லீவு போடு, சண்டை போடு. கோழி முட்டை போடும், ஆடு குட்டி போடும். சோப்புப் போட்டால் முகஸ்துதி, கடலை போட்டால் அரட்டை, நாமம் போட்டால் ஏமாற்று, போட்டுக் கொடுத்தால் கோள், போட்டுத் தள்ளினால் கொலை. இத்தனையையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள்.

ஆனால் இதற்கு எத்தனை பொருள் என்று என்னிடம் எண் கேட்காதீர்கள். அங்கேதான் எனக்கு வருத்தம். ஆங்கிலத்துக்கு அந்த 430 சும்மா வரவில்லை. 1879இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே, படிக்கிற ஒவ்வொருவரும் சொல் சேகரித்து அனுப்புங்கள் என்று பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். சாதாரண வாசகர்கள் சிறு துண்டுத் தாளில் சொல்லையும், அது வந்த வாக்கியத்தையும், நூலையும், ஆண்டையும் எழுதி அனுப்பினார்கள். லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. 1884இல் முதல் பகுதி வந்தது, முதல் பதிப்பு முடிய 1928 ஆனது. மர்ரே 1915லேயே இறந்துவிட்டார். நம்மிடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இருக்கிறது, 1924இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகள். பெரிய உழைப்பு, கும்பிட வேண்டும். ஆனால் அந்தக் கொத்தனார் வாயில் வந்த "செட்டாகல" அதற்குப் பிறகு பிறந்த தமிழ். அதையெல்லாம் ஒன்று விடாமல் தெருத் தெருவாகக் கேட்டு எழுதிவைக்க ஆள் வேண்டும்.

அதனால் பையனிடம் வேறொரு வேலை கொடுங்கள் அம்மா. பழைய நோட்டின் பின்பக்கத்தைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொள்ளட்டும். ஒரு வாரம் வீட்டிலும் தெருவிலும் பஸ்ஸிலும் 'போடு', 'செட்' இரண்டையும் யார், எப்போது, என்ன அர்த்தத்தில் சொன்னார்கள் என்று முழு வாக்கியமாக எழுதட்டும். சொன்னவர் என்ன தொழில் செய்கிறவர் என்பதையும் ஓரத்தில் குறிக்கட்டும். எனக்கு அனுப்பி வையுங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.