எட்டாம் பெட் காய்ச்சலை எப்படிச் சொல்வீர்கள்?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அப்பா தக்காளி போடுகிறார். நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். இங்கிலாந்து போவதற்காக ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டேன். கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 7 வந்துவிட்டது. ரைட்டிங்கில் மட்டும் இரண்டு தடவையும் 6, நர்ஸ்களுக்கு 6.5 வேண்டும். சார்ட்டைப் பார்த்து எழுதும் முதல் கேள்வியில்தான் திணறுகிறேன். கோச்சிங்கில் கொடுத்த வாக்கியங்களை மனப்பாடம் செய்தும் பயனில்லை. நான் எழுதிய ஒரு விடையை இணைத்திருக்கிறேன். என்ன தப்பு என்று சொல்லுங்கள் மேடம்.
— ஒரு வாசகி, தர்மபுரி மாவட்டம்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் விடையை மூன்று முறை படித்தேன். இலக்கணம் மோசமில்லை. எழுத்துப்பிழை இரண்டே இரண்டு. ஆனால் முழுக்கப் படித்து முடித்த பிறகும் அந்த வரைபடம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. 'இன் 1990 இட் வாஸ் 50. இன் 1995 இட் வாஸ் 46' என்று வரிசையாக எண்களைக் கொட்டியிருக்கிறீர்கள். அதற்கு சார்ட்டே போதுமே!

ஒன்று யோசித்துப் பாருங்கள். நைட் டூட்டி முடிந்து காலையில் ஹேண்ட் ஓவர் கொடுக்கிறீர்கள். எட்டாம் பெட் நோயாளியின் டெம்பரேச்சர் சார்ட் கையில் இருக்கிறது. பத்து மணிக்கு இவ்வளவு, பன்னிரண்டு மணிக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றாக ஒப்பிப்பீர்களா? "எட்டாம் பெட்டுக்கு ராத்திரி பூரா காய்ச்சல் சிஸ்டர், விடியறப்போதான் இறங்குச்சு. ரெண்டு மணிக்கு 103 வரைக்கும் போச்சு" என்பீர்கள். முதலில் மொத்த நிலவரம், பிறகு கவனிக்க வேண்டிய எண். தேர்வாளர் கேட்பதும் இதைத்தான். தினமும் வார்டில் செய்கிற வேலையைத்தான் நீங்கள் தேர்வு அறையில் மறந்துவிடுகிறீர்கள்.

அந்த மொத்த நிலவரத்துக்குப் பெயர் 'ஓவர்வியூ'. உங்கள் விடையில் அது இல்லவே இல்லை. விவரங்களை எந்திரத்தனமாக அடுக்கி, தெளிவான ஓவர்வியூ இல்லாமல் விட்டால் 'டாஸ்க் அச்சீவ்மென்ட்' என்ற அளவுகோலில் அது 5-க்கான அடையாளம் என்று மதிப்பீட்டு விதியிலேயே இருக்கிறது. தெளிவான ஓவர்வியூ 7-க்கான அடையாளங்களில் ஒன்று. நான்கு அளவுகோல்களில் இது ஒன்றே உங்களைக் கீழே இழுக்கும்.

நீங்கள் அனுப்பிய பயிற்சி சார்ட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு நகரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் எதில் போகிறார்கள் என்ற கணக்கு. 1990-ல் பஸ் 50 சதவீதம், கார் 30, சைக்கிள் 20. 2010-ல் பஸ் 30, கார் 55, சைக்கிள் 15. இதை உங்கள் அம்மாவிடம் இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்? "பஸ்ஸில் போறவங்க குறைஞ்சு, கார்ல போறவங்க கூடிட்டாங்க, முன்னே பஸ் முதலிடம், இப்போ கார். சைக்கிள் எப்பவும் கடைசிதான், பெருசா மாறலை." முடிந்தது. எண்ணே இல்லாத இந்த இரண்டு வாக்கியம்தான் ஓவர்வியூ. முன்னுரை வரிக்கு அடுத்து, 'ஓவரால்' என்று தொடங்கி ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிறகு பஸ், கார் இரண்டையும் ஒரு பத்தியில் எதிரெதிராக வைத்து, 2000-ல் இரண்டும் 40-ல் சந்தித்ததைச் சொல்லுங்கள். சைக்கிளுக்கு ஒரு வாக்கியம் போதும்.

இன்னொரு பிழை, இதை நம்மவர்கள் பலரிடமும் பார்க்கிறேன். 'கார் இன்க்ரீஸ்ட் பை 55' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். ராயக்கோட்டை மண்டியில் "பெட்டி நூறு ரூபாய் ஏறிடுச்சு" என்பதும், "பெட்டி நூறு ரூபாய்க்கு ஏறிடுச்சு" என்பதும் ஒன்றா? முதலாவது 'பை', இரண்டாவது 'டு'. அந்த ஒரு 'க்கு'தான் வித்தியாசம். கார் 30-லிருந்து 55-க்குப் போனது, ஆகவே 'டு 55'. ஏறியது 25, அதையும் '25 பெர்சன்டேஜ் பாயின்ட்ஸ்' என்றுதான் சொல்ல வேண்டும், வெறும் '25 பெர்சன்ட்' என்றால் கணக்கே மாறிவிடும். சார்ட் சதவீதத்தைத்தான் காட்டுகிறது என்பதால் 'நம்பர் ஆஃப் பீப்பிள்' என்றும் எழுதக் கூடாது. 'ப்ரொபோர்ஷன்' என்று எழுதுங்கள்.

கடைசிப் பத்தியில் பெட்ரோல் மலிவானதால் கார் கூடியது என்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். சார்ட்டில் இல்லாத காரணம் எதுவும் வேண்டாம். உங்கள் சொந்தக் கருத்தும் வேண்டாம். அதற்கு இரண்டாவது கேள்வியான கட்டுரை இருக்கிறது. மனப்பாட வாக்கியங்களையும் விட்டுவிடுங்கள். எந்தச் சார்ட்டுக்கும் பொருந்துகிற வாக்கியம் எந்தச் சார்ட்டையும் விவரிக்காது.

இப்போது மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு அரை மணி நேரமும் 214 சொற்களும் செலவழித்ததாக ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். மொத்தமே ஒரு மணி நேரம். முதல் கேள்விக்கு 20 நிமிடம், குறைந்தது 150 சொற்கள்; இரண்டாவதற்கு 40 நிமிடம், 250 சொற்கள். இரண்டாவது கேள்விக்கு மதிப்பும் இரு மடங்கு. சார்ட் உங்கள் கட்டுரையின் பத்து நிமிடத்தையும் தின்றிருக்கிறது. 170 சொற்களைத் தாண்டாதீர்கள். 20 நிமிடத்தில் முதல் மூன்று நிமிடம் பேனாவைத் தொடவே வேண்டாம். எது கூடியது, எது குறைந்தது, எது எதை முந்தியது என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

பயிற்சிக்குப் புத்தகம் தேடி அலைய வேண்டியதில்லை. ஒகேனக்கல் நீர்வரத்து செய்தித்தாளின் நம் ஊர்ப் பதிப்பில் வருகிறதே, 'நேற்று வினாடிக்கு இத்தனை கனஅடியாக இருந்த நீர்வரத்து, இன்று இத்தனை கனஅடியாக அதிகரித்துள்ளது' என்று. ஒரு வாரம் அந்த எண்களைக் குறித்து, கட்டம் போட்ட தாளில் கோடு வரையுங்கள். கூடவே கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் நீர்மட்டத்துக்கு இன்னொரு வரைபடம் போடுங்கள். முழு உயரம் 52 அடி என்பதால் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று ஒப்பிட வசதியாக இருக்கும். முதலில் வீட்டில் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுங்கள். நடந்து முடிந்த வாரம் என்பதால் வினைச்சொல் எல்லாம் இறந்தகாலத்தில் வர வேண்டும். உங்கள் விடையில் நான்கு இடத்தில் 'இன்க்ரீஸ்' என்றே நின்றுவிட்டது.

முதல் வாரத்து விடையை எனக்கு அனுப்புங்கள். ஓவர்வியூவை மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு அனுப்பினால் போதும், திருத்தித் தருகிறேன்.